கட்டாத கட்டுமரம்

பிராட்வே என்ற பெயரை நம்பி அகலமான சாலையை எதிர்பார்த்து வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். எர்ணாகுளத்தின் இந்தக் கடைவீதியில், இரண்டு கைகளிலும் பை தொங்க இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கித்தான் ஆக வேண்டும். துணிக்கடை, பாத்திரக்கடை, குடைக்கடை, மிளகும் ஏலமும் மணக்கும் மளிகைக்கடை, நடுவில் புகுந்து வழி கேட்கும் தள்ளுவண்டி. மட்டாஞ்சேரி என்று வெளியூர்க்காரர்கள் மொத்தமாகச் சொல்லிவிடும் பழைய கொச்சி, நீருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. சுற்றுலாக் கையேட்டில் எல்லாம் ஒரே கொச்சிதான். நடந்து பார்க்கிறவருக்கு நடுவில் ஒரு காயல் குறுக்கிடுகிறது.

பிராட்வேக்கு மேற்கே, சில நிமிட நடையில் சண்முகம் சாலை. பெயர் தமிழாக ஒலிப்பது தற்செயல் அல்ல. கோயம்புத்தூர்க்காரரான ஆர்.கே. சண்முகம் செட்டியார் 1935இலிருந்து 1941வரை கொச்சி சமஸ்தானத்தின் திவானாக இருந்தவர். பிறகு சுதந்திர இந்தியாவின் முதல் நிதி அமைச்சர். அவர் காலத்தில் இந்தச் சாலைதான் கரை. சாலையின் ஒரு பக்கம் கட்டடம், மறுபக்கம் தண்ணீர். 1980களில் காயலைத் தூர்த்து மரைன் டிரைவ் எழுந்த பிறகு, தண்ணீர் இன்னும் சற்று மேற்கே தள்ளிப்போனது. கடைவீதிக்கு அரிசியும் தேங்காயும் கொண்டுவந்த வள்ளங்கள் நுழைந்த வாய்க்கால், சந்தையின் பின்புறம் ஒடுங்கிக் கிடக்கிறது.

மரைன் டிரைவின் வடக்குப் பக்கம், உயர் நீதிமன்றத்தின் பெயரைத் தாங்கிய படகுத்துறையில் வெள்ளையும் நீலமுமாக ஒரு படகு வந்து அணைகிறது. குளிர்சாதன வசதி, கண்ணாடிச் சுவர், நூறு பேருக்கு இடம். ஓசையே இல்லை. கொச்சி வாட்டர் மெட்ரோ. 2023 ஏப்ரலில் ஓடத் தொடங்கியது. முதல் வழித்தடம் இங்கிருந்து வைப்பீனுக்கு. 2025 அக்டோபரில் மட்டாஞ்சேரியிலும் துறை திறந்தாயிற்று. துணிப்பையோடு பிராட்வேயிலிருந்து வரும் கூட்டத்தில் பாதிப் பேர் படகின் அடிப்பக்கத்தைக் கவனிப்பதே இல்லை. கவனித்தால் தெரியும்: அது ஒரு படகல்ல, இரண்டு. ஒல்லியான இரண்டு அலுமினிய உடல்கள் இடைவெளி விட்டு நிற்க, அவற்றின் மேல் ஒரே தளம். கொச்சி கப்பல் கட்டும் தளத்தின் கையேடுகள் அதைக் 'கேட்டமரான்' என்கின்றன. உலகமே அப்படித்தான் சொல்கிறது. சொல் நம்முடையது. பொருள் நம்முடையதல்ல.

வேடிக்கை என்னவென்றால், அசல் கட்டுமரத்துக்குக் கொச்சி ஒருபோதும் சொந்த ஊராக இருந்ததில்லை. இது வஞ்சியும் வள்ளமும் ஆண்ட கரை. அயினி மரத்தைக் குடைந்தோ, பலகைகளைக் கயிற்றால் தைத்தோ செய்த ஓடங்கள். காயல் அமைதியானது, கடலிலும் சில மாதங்களில் சேற்றுக்கரை அலையை அடக்கிவிடும். கட்டுமரம் பார்க்க வேண்டுமானால் திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, விழிஞ்ஞம் தாண்டி, கன்னியாகுமரி சுற்றி, சோழமண்டலக் கரை நெடுக வடக்கே போக வேண்டும். அங்கே பெரும்பாலும் துறைமுகம் கிடையாது. மணல் மேட்டிலிருந்து நேராகக் கடலில் இறங்க வேண்டும். ஆளுயரத்துக்குச் சுருண்டு விழும் அலையைக் கடக்க வேண்டும். குடைந்த ஓடமாக இருந்தால் முதல் அலையிலேயே தண்ணீர் நிரம்பி மூழ்கும். நிரம்புவதற்கு உள்ளிடமே இல்லாத படகை என்ன செய்ய முடியும்?

அந்த யோசனைதான் கட்டுமரம். இலேசான மரத்தில் மூன்று முதல் ஏழு கட்டைகள். முன்புறம் செதுக்கி மேல்நோக்கி வளைத்து, நடுக்கட்டை சற்றுத் தாழ்ந்திருக்கக் கயிற்றால் இறுகக் கட்டுவது. ஆணி இல்லை, தார் இல்லை. அலை மேலே விழும், இடுக்கு வழியே கீழே ஓடிவிடும். கரை வந்ததும் கட்டவிழ்த்து, கட்டைகளைத் தனித்தனியாகத் தோளில் சுமந்து மணலில் காயப்போடுவார்கள். காயாவிட்டால் மரம் நீரேறிக் கனத்துவிடும். பாய் கட்டினால் காற்று பக்கவாட்டில் தள்ளாமலிருக்க, கட்டைகளுக்கு இடையே பலகை ஒன்றைச் செங்குத்தாகச் செருகுவது உண்டு. பாய் ஏற்றும் கயிறு ஆஞ்சான். பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறு தாமான். பாய் தொங்கும் கழி பருமல். இந்தச் சொற்களை அகராதியில் காணலாம். பல கரைகளில் அங்கே மட்டும்தான் காணலாம்.

ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர் 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் சோழமண்டலக் கரைக்கு வந்தபோது, கால்கள் எப்போதும் தண்ணீரில் நனைய ஒற்றை ஆள் ஓட்டிப்போகும் சின்னஞ்சிறு கட்டுமரங்களைப் பார்த்து எழுதிவைத்தார். சென்னையில் துறைமுகம் கட்டப்படும்வரை, தூரத்தில் நங்கூரமிட்ட கப்பல்களுக்கு முதலில் போய்ச் சேர்ந்தவர்கள் கட்டுமரக்காரர்கள்தான். ஓலையில் முடைந்த கூம்புத் தொப்பிக்குள் கடிதங்களை வைத்துக்கொண்டு அலைக்குள் பாய்வார்கள். ஆள் முழுக்க நனைந்தாலும் கடிதம் நனையாது. கம்பெனி அதிகாரிகளும் பயணிகளும் ஊருக்கு எழுதிய கடிதங்களில் இந்தக் காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. இப்படித்தான் சொல் கப்பலேறியது.

ஏறிய சொல் போன இடத்தில் ஆள் மாறிப்போனது. இரட்டை உடல் படகு தமிழர் கண்டுபிடிப்பல்ல. மேடைப் பேச்சில் கைதட்டல் கிடைக்கலாம், வரலாறு ஒத்துக்கொள்ளாது. பசிபிக் தீவுகளின் பாலினேசியர்கள் இரண்டு ஓடங்களை இணைத்துப் பெருங்கடல் கடந்தவர்கள். ஐரோப்பாவில் முதலில் துணிந்தவர் பொருளியல் அறிஞர் வில்லியம் பெட்டி. 1660களில் டப்ளினில் இரட்டை உடல் கப்பல் கட்டி, டப்ளின் விரிகுடாவில் பந்தயமும் ஓட்டி ஜெயித்தார். அடுத்து கட்டிய பெரிய கப்பலுக்கு 'எக்ஸ்பெரிமென்ட்' என்றே பெயர் வைத்தார். அது புயலில் போனது. கூடவே யோசனையும் மூழ்கியது.

இருநூறு ஆண்டு கழித்து, 1876 ஜூன். அமெரிக்கச் சுதந்திரத்தின் நூற்றாண்டையொட்டி நியூயார்க்கில் பாய்மரப் பந்தயம். நதானியல் ஹெரஷாஃப் என்ற இளைஞர் 'அமரில்லிஸ்' என்ற விநோத வண்டியோடு வந்து நின்றார். சிறிய படகு, இரண்டு உடல்கள். காற்று எழுந்ததும் பெரிய படகுகளை எல்லாம் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போய்விட்டது. தோற்றவர்கள் வழக்கம்போல் விதிப்புத்தகத்தைத் திறந்தார்கள். இது படகே அல்ல என்று ஆட்சேபம் கிளம்ப, 'அமரில்லிஸ்' போட்டியிலிருந்து நீக்கப்பட்டது. ஹெரஷாஃப் அடுத்த ஆண்டு காப்புரிமை வாங்கினார். அந்தப் படகு வகைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்தான் 'கேட்டமரான்'. சென்னைக் கடற்கரையில் கட்டிய கட்டை மரத்துக்கு இருந்த பெயர், நியூயார்க் துறைமுகத்தில் கட்டாத மரத்துக்குப் போனது.

அந்தச் சிறிய படகு ஏன் அத்தனை வேகமாகப் போனது? கேரளத்தில் இதை விளக்க அதிகம் மெனக்கெட வேண்டாம். ஆலப்புழையில் நேரு கோப்பைக்கு ஓடும் சுண்டன் வள்ளத்தை நினைத்துக்கொண்டால் போதும். நூறடிக்கு மேல் நீளம், அகலமோ அற்பம். படகு நகரும்போது தன் முன்னால் ஓர் அலையை எழுப்புகிறது. அகலமான படகு வேகம் கூடக்கூட, தான் எழுப்பிய அலையின் மீதே மேடேற முயன்று திணறுகிறது. ஒல்லியான உடல் தண்ணீரைக் கத்திபோல் கிழித்துப் போவதால் எழும் அலை குறைவு. ஆனால் ஒல்லியான படகு கவிழும். சுண்டனில் அதை நேராக வைத்திருப்பது நூறு பேரின் துடுப்பும் தாளமும். பாய் கட்டிய படகில் நூறு பேருக்கு எங்கே போவது? ஆகவே இரண்டாவது ஒல்லி உடலைத் தள்ளி நிறுத்து. கீழே ஈயம் கட்டிக் கனமாக்காமல், அகலத்தாலேயே நிலைத்து நிற்க வை. ரகசியம் இவ்வளவுதான்.

அதற்கு விலையும் உண்டு. காற்றுப் பக்கத்து உடல் தண்ணீரைவிட்டு எழும்பி, படகு ஒற்றைக்காலில் பறக்கும் நேரம்தான் பந்தயக்காரருக்குச் சொர்க்கம். இன்னும் ஒரு சாண் எழுந்தால் குப்புற விழும். கனமான அடிப்பாகம் இல்லாததால் தானாக நிமிராது. வேகத்தில் காற்றுக்கு எதிர்ப்புறத்து மூக்கு அலைக்குள் புதைந்தால் படகு குட்டிக்கரணமே அடிக்கும். ஆகவே 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், சிறிய கேட்டமரான் பந்தயம் என்பது பாதி கடலிலும் பாதி கொட்டகையிலும் நடந்தது. பட்டறை வைத்திருந்த பொறியாளர்கள், அலைச்சறுக்குப் பலகை செய்கிறவர்கள், வார இறுதியில் மட்டும் கடலுக்கு வரும் குமாஸ்தாக்கள் என்று ஒவ்வொருவரும் உடலின் வளைவை ஓர் அங்குலம் மாற்றி, பாயின் முதுகைச் சற்றுக் கூட்டி, மறுநாள் ஓட்டிப் பார்த்தார்கள்.

அவர்களில் கலிஃபோர்னியாவின் ஹோபி ஆல்ட்டர் சந்தித்த பிரச்சினை, நம் நொச்சிக்குப்பத்தார் சந்தித்த அதே பிரச்சினை. மணலிலிருந்து அலைக்குள் இறங்க வேண்டும், மணலிலேயே வந்து ஏற வேண்டும். அடியில் துருத்தும் பலகை இருந்தால் மணலில் முறியும். அவர் பலகையையே எடுத்துவிட்டார். ஒவ்வோர் உடலின் வெளிப்பக்கத்தைத் தட்டையாகவும் உள்பக்கத்தை வளைவாகவும் செய்தார். அந்தச் சமமில்லாத வடிவமே படகு பக்கவாட்டில் நழுவாமல் பிடித்துக்கொண்டது. அதன் கீழ்விளிம்பு வாழைத்தண்டு வளைந்ததுபோல் இருக்கும். 'ஹோபி 16' சுமார் 5 மீட்டர் நீளம், 145 கிலோ எடை. 1970களில் உலகக் கடற்கரைகளை நிறைத்தது. ஆசிய விளையாட்டுப் போட்டிகளிலும் ஓடியிருக்கிறது. சோழமண்டலத்துச் சொல்லும் சோழமண்டலத்துத் தேவையும் ஒரே படகில் மறுபடி சந்தித்தது அநேகமாக அங்கேதான்.

பாயிலும் சோதனை நின்றபாடில்லை. 'சி வகுப்பு' என்ற பந்தயத்தில் நீளம் 25 அடி, அகலம் 14 அடி, பாய் 300 சதுர அடி என்ற மூன்று வரம்புகள்தான் அடிப்படை. மற்றபடி மனம்போல் செய்யலாம். விளைவு: துணிப் பாய் போய், விமான இறக்கைபோல் விறைப்பான பாய் நின்றது. 1988இல் அது அமெரிக்கக் கோப்பைக்கே வந்தது. நியூசிலாந்தின் பிரம்மாண்ட ஒற்றை உடல் படகை, இறக்கைப் பாய் கட்டிய கேட்டமரான் தோற்கடிக்க, வழக்கு நீதிமன்றத்துக்குப் போய் 1990இல்தான் முடிந்தது. 1876இன் ஆட்சேபம் கொள்ளுப்பேரன் காலத்திலும் தொடர்ந்தது. 2013இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் 72 அடிக் கேட்டமரான்கள் நீருக்கடியில் நீட்டிய சிறகுகளின் மேல் முழுதாக எழும்பிப் பறந்தன. உடலின் வடிவத்தைப் பற்றி நூற்றாண்டு காலம் வாதிட்டவர்கள், கடைசியில் உடலைத் தண்ணீரிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

இதெல்லாம் பணக்காரர் விளையாட்டு என்று தோன்றினால், ராமநாதபுரம் மாவட்டத்துத் தொண்டி, நம்புதாளைப் பக்கம் போக வேண்டும். பாக் நீரிணையின் ஆழமில்லாக் கடலில் மீனவர்கள் பாய்மரப் படகுப் போட்டி நடத்துகிறார்கள். திருவிழாவை ஒட்டிக் கரை முழுக்க ஊர் கூடி நிற்கும். படகுக்குக் குறுக்கே நீண்ட பலகை. காற்று அழுத்தும்போது ஆட்கள் அதன் நுனிவரை போய்க் கடலுக்கு மேல் தொங்கி எடை கொடுப்பார்கள். ஹோபி ஓட்டுகிறவர் கம்பியில் தொங்கிச் செய்வதைத்தான் இவர்கள் பலகையில் நின்று செய்கிறார்கள். சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னல், இந்தியப் படகுகளைப் பற்றி 1920இல் வெளியிட்ட ஆய்வுக்காகக் கரைகரையாக அலைந்தவர். பாக் நீரிணையின் இந்தச் சமன் பலகையும் அவர் கண்ணில் பட்டது. பாய் எவ்வளவு பெரிதாக வைக்கலாம், எத்தனை ஆளை ஏற்றலாம், எப்போது பலகையை எதிர்ப்பக்கம் மாற்ற வேண்டும் என்பதெல்லாம் அங்கே இன்னும் கண்ணாலும் கையாலும் தீர்மானமாகிறது. கச்சானும் கொண்டலும் வாடையும் அங்கே பஞ்சாங்கச் சொற்கள் அல்ல. ஆனால் பந்தயம் முடிந்த மறுநாள் மீன் பிடிக்கப் போகிற படகில் பெரும்பாலும் என்ஜின்தான் இருக்கிறது.

என்ஜின் வந்த கதையில் இன்னொரு வகைச் சோதனைக்காரர்கள் வருகிறார்கள். அவர்கள் பரிசுக்காக அல்ல, சோற்றுக்காகப் படகை மாற்றியவர்கள். ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பு 1979இல் சென்னையைத் தலைமையிடமாக வைத்து வங்காள விரிகுடாத் திட்டத்தைத் தொடங்கியது. நார்வே படகு வடிவமைப்பாளர் குல்பிரான்ட்சன் குழுவினர் அலையைக் கடக்கும் புதுப் படகுகளைச் செய்து சோதித்தார்கள். வெளியூர்ப் படகு பலவும் அலையில் தடுமாற, பக்கத்திலேயே கட்டுமரங்கள் சாவதானமாகப் போய்வந்துகொண்டிருந்தன. நல்ல மரம் அருகி விலை ஏறிக்கொண்டிருந்ததுதான் கட்டுமரத்தின் பலவீனம், வடிவம் அல்ல. பெல்ஜியப் பொறியாளர் பியர் ஜில்லே அதைப் புரிந்துகொண்டவர். கன்னியாகுமரி மாவட்டம் முட்டத்தில், ஒட்டுப்பலகையைச் செப்புக் கம்பியால் தைத்து, இழையும் பிசினும் பூசி, உள்ளே காற்றறை வைத்து மூழ்காத படகுகள் செய்யும் முறையை 1980களில் மீனவர் சங்கங்களோடு சேர்ந்து வேரூன்றச் செய்தார். கயிற்றால் தைத்த வள்ளத்தை அறிந்த கரைக்குக் கம்பியால் தைப்பது அந்நியமாக இல்லை. தம் அனுபவத்தை எழுதிய புத்தகத்துக்கு அவர் வைத்த தலைப்பின் பொருள், 'சிறியது கடினம்'. கொச்சி வில்லிங்டன் தீவில் இருக்கும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனமும் தன் பங்குக்கு, பதப்படுத்திய ரப்பர் மரத்துக்குக் கண்ணாடியிழை உறை போட்டு மலிவான ஓடம் செய்து காட்டியது.

வெளிப்புற என்ஜின் இந்தப் படகுகளில் ஏறியதும் பாய் சுருண்டது. தூரம் கூடியது, மீனும் கூடியது, கொஞ்ச காலம். அப்புறம் மண்ணெண்ணெய் விலை ஏறியது. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்த படகுகளில் மிகப் பெரும்பாலானவை கண்ணாடியிழைப் படகுகள். தமிழகக் கரையில் கட்டுமரத்தின் கணக்கு அநேகமாக அத்தோடு முடிந்தது. நல்லெண்ணத்தோடு செய்த காரியம்தான். ஆனால் ஏழு கட்டையை எந்த வரிசையில் அடுக்குவது என்று தெரிந்தவருக்கு, அதைக் கற்றுக்கொடுக்க ஆள் இல்லாமல் போயிற்று.

திரும்பவும் கொச்சிக்கு. எண்ணெய் இல்லாமல் படகு ஓட்ட இங்கே நடந்த முயற்சிக்குத் துணைநின்றது அதே ஒல்லி உடல்தான். சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டுமானம் படித்த சந்தித் தண்டாசேரியின் 'நவால்ட்' நிறுவனம் செய்த 'ஆதித்யா', 2017 ஜனவரியில் வைக்கம் - தவணக்கடவு துறைகளுக்கு இடையே ஓடத் தொடங்கியது. 75 பயணிகள், மேற்கூரை முழுக்கச் சூரியத் தகடு, அடியில் இரட்டை உடல். தகடு தரும் சக்தி கொஞ்சம்தான். அகலமான கனத்த படகை அது தள்ளாது. உடலை ஒல்லியாக்கி, எடையைக் கிலோ கிலோவாகக் குறைத்தால் தள்ளும். பந்தயக்காரர்கள் ஒரு நிமிடத்தை மிச்சப்படுத்தச் செய்த அதே கணக்கு, இங்கே ஒரு டீசல் பீப்பாயை மிச்சப்படுத்துகிறது. அந்த நிறுவனம் மீன்பிடிப்புக்கும் ஒரு சூரியப் படகு செய்திருக்கிறது. பெயர் 'ஸ்ராவ்', மலையாளத்தில் சுறா.

வாட்டர் மெட்ரோவின் கணக்கில் இன்னொரு வரி உண்டு. அது மின்கலத்தில் ஓடும் படகு. தேவைப்பட்டால் கைகொடுக்க டீசலும் இருக்கிறது. வேகம் பெரிதல்ல. மணிக்கு எட்டுக் கடல்மைல் என்பது பேருந்துக்காரர் சிரிக்கும் வேகம். ஆனால் காயலில் வேகத்தைவிட முக்கியம், படகு பின்னால் விட்டுச்செல்லும் அலை. அந்த அலைதான் கரையை அரிக்கிறது. சீன வலையின் கால்களை ஆட்டுகிறது. ஒற்றை ஆளாக வலை வீசும் வஞ்சியைக் கவிழ்க்கப் பார்க்கிறது. இரட்டை உடல் எழுப்பும் அலை குறைவு என்பதும் இந்த வடிவத்தைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம். 78 படகுகள் ஓட்டுவது திட்டம். அத்தனையும் வந்து, துறைகளும் கூடும்போது வஞ்சிக்காரருக்கு எவ்வளவு தண்ணீர் மிச்சமிருக்கும் என்பதைப் படகின் வடிவம் மட்டும் தீர்மானிக்காது. மரைன் டிரைவ் எழுந்தபோது கரை எப்படித் தள்ளிப்போனது என்பதைப் பார்த்தவர்கள் இந்த ஊரில் இன்னும் இருக்கிறார்கள்.

சண்முகம் செட்டியாரின் ஊரிலிருந்து ஒரு பின்குறிப்பு. கடலே இல்லாத கோயம்புத்தூரில், குமரகுரு தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்கள் 'சீ சக்தி' என்ற குழு அமைத்து, 2022இல் மொனாக்கோவில் நடக்கும் எரிசக்திப் படகுப் போட்டிக்குப் போனார்கள். படகின் பெயர் 'யாளி'. அந்தப் போட்டியில் எல்லாக் குழுக்களுக்கும் ஒரே மாதிரி இரட்டை உடலை மொனாக்கோ படகு மன்றமே கொடுத்துவிடும். உடலில் கை வைக்கக் கூடாது. நடுவில் ஓட்டுநர் அமரும் கூடும், அதை ஓட்டும் சக்தியும்தான் மாணவர்கள் வேலை. ஹெரஷாஃப் கேட்டால் முகம் சுளிப்பார். ஆனாலும் யாளி முகத்தோடு ஒரு கேட்டமரான் மத்தியதரைக் கடலில் ஓடியது என்பதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை.

மாலை ஆறரைக்கு மேல் துறையில் வரிசை நீள்கிறது. பிராட்வேயில் வாங்கிய பித்தளைக் குத்துவிளக்கு செய்தித்தாள் சுற்றலுக்கு வெளியே தலைநீட்ட, ஒரு குடும்பம் மட்டாஞ்சேரிக்கு ஏறுகிறது. கோட்டைக் கொச்சியின் சலவைத்துறையில் தலைமுறைகளாகத் தமிழ் பேசும் வண்ணார் குடும்பங்களுக்கும் இனி இதுதான் வழி, பழைய அரசுப் படகுக்குப் பொறுமை இல்லாவிட்டால். கதவு மூடுகிறது. கரை நகர்வது தெரிகிறதே தவிர படகு நகர்வது தெரியவில்லை. நடுக்காயலில் ஒரு வஞ்சி; மடியில் வலையைக் குவித்துக்கொண்டு ஒருவர் துடுப்புப் போடுகிறார். மெட்ரோ அவரைத் தாண்டுகிறது. வஞ்சி லேசாக ஒருமுறை எழுந்து அமர்கிறது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.